பந்தலும் பாடும்

பழவேற்காட்டின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் கோட்டையிலிருந்தே தொடங்குவது வழக்கம். அதற்குக் காரணமும் உண்டு. விஜயநகர அரசன் இரண்டாம் வேங்கடனின் இராணிகளுள் ஒருத்தி இவ்வூரைத் தன் ஆட்சியில் வைத்திருந்த காலத்தில் டச்சுக்காரர் இங்கே பண்டகசாலை அமைத்ததும், 1612 இல் போர்த்துகீசியர் அதைத் தாக்கி அழித்ததும், மறு ஆண்டே கெல்திரியா என்னும் கோட்டை எழுந்ததும், 1690 இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும் வரையில் சோழமண்டலக் கரை முழுவதிலும் டச்சுக் கம்பெனியின் முதன்மையான ஊராக இது விளங்கியதும், கடைசியில் 1825 இல் ஆங்கிலேயர் கைக்கு வந்து சேர்ந்ததும் தஸ்தாவேஜுகளில் தேதிவாரியாகக் கிடைக்கின்றன. அக்கோட்டையில் இருந்து மாண்டவர்களின் பெயர்களைக் கூட, வாயிலின் இருபுறமும் எலும்புக்கூடுகள் செதுக்கி நிற்கும் டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் இன்றும் எழுத்தெழுத்தாகப் படிக்கலாம். ஆனால் அதே கோட்டை மதிலுக்கு அப்பால், ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் திட்டுகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த மீனவர் எப்படி மணந்தார்கள், யாருக்கு யாரைக் கொடுத்தார்கள், எந்த வீட்டு வாசலில் பந்தல் போட்டார்கள் என்று கேட்டால், அந்தத் தஸ்தாவேஜுகளில் விடை இல்லை.

எழுதத் தெரிந்தவர் எவரும் இவ்வூரில் இருந்ததில்லை என்று சொல்வதற்கில்லை. ஆபிரகாம் ரொஜேரியஸ் என்ற டச்சுப் பாதிரியார் 1632 முதல் பத்து ஆண்டுகள் இங்கே ஊழியம் செய்தார். பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு இந்நாட்டு ஆசாரங்களைக் குறித்துக்கொண்டார். அவர் காலமான பிறகு 1651 இல் லெய்டன் நகரில் அந்நூல் அச்சேறி, ஐரோப்பியருக்குத் தென்னாட்டுச் சமயத்தையும் சடங்கையும் விரிவாக அறிவித்த முதல் நூல்களுள் ஒன்றாயிற்று. பர்த்ருஹரியின் சுலோகங்கள் ஐரோப்பிய மொழியொன்றில் முதன்முதலாக வெளிவந்ததும் அந்நூலில்தான். பிராமணரின் பிறப்பு, விவாகம், மரணம் ஆகியவற்றை அவ்வளவு சிரத்தையோடு விசாரித்த அந்த மனிதரின் வாசலுக்கு எதிரே தினமும் வலை உலர்த்தியவர்களின் விவாகத்தைப் பற்றி அவ்விதம் சொல்வதற்கு ஒரு பத்மநாபன் அவருக்குக் கிடைக்கவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எந்த வாய் பேசிற்றோ அதைத்தான் எந்தக் கையும் எழுத முடியும். எனினும், அந்த மௌனத்தின் காரணமாக, பழவேற்காட்டுக் குப்பத்தில் பெண் வீட்டு வாசலில் நடந்த எளிய கல்யாணம் சரித்திரத்தோடு சம்பந்தமில்லாத குடும்ப விஷயம் என்று நாம் எண்ணிக்கொண்டால் பெரிய நஷ்டம் நமக்கே. அந்த ஏரியில் யார் வலை வீசலாம், யார் வீசலாகாது என்பதை நிர்ணயித்த காரியங்களுள் அந்தக் கல்யாணமும் ஒன்று.

ஏரியின் அமைப்பை முதலில் சொல்ல வேண்டும். ஆந்திரமும் தமிழ்நாடும் பங்கிட்டுக்கொண்டுள்ள இந்த உவர்நீர்ப் பரப்பு, ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரியது. வடக்கு தெற்காக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீண்டு, கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாத் தீவினால் வங்கக் கடலிலிருந்து பிரிக்கப்பட்டு, தெற்கு முனையில் முகத்துவாரத்தின் வழியாகக் கடலோடு மூச்சுவிட்டுக்கொண்டிருப்பது. ஆரணியாறும் காளாங்கியும் சுவர்ணமுகியும் இதில் நன்னீரைச் சேர்க்கின்றன. பரப்பு அவ்வளவு இருந்தும் ஆழம் மட்டும் மிகக் குறைவு. பல இடங்களில் மனிதன் இறங்கி நடக்கலாம். கடலில் முட்டையிட்ட இறாலின் குஞ்சு முகத்துவாரத்தின் வழியே உள்ளே வந்து, இந்த இளஞ்சூட்டு நீரில் வளர்ந்து, பருவம் வந்ததும் வற்றுநீரோடு மறுபடியும் கடலை நோக்கித் திரும்புகிறது. ஆகவே ஏரி முழுவதும் ஒரே விலைமதிப்புடையதன்று. இறால் திரும்பிப் போகும் வழியில், முகத்துவாரத்தை அடுத்த நீரோட்டப் பாதையில், கழிகளை நட்டுச் சுத்து வலை கட்ட இடம் கிடைத்தவனுக்கு ஓர் இரவில் கிடைப்பது, வேறோரிடத்தில் வாரம் முழுவதும் உழைத்தவனுக்கும் கிடைக்காது.

இவ்விதமான இடத்துக்குச் சண்டை வராமல் இருக்க முடியுமா? அந்தச் சண்டையைத் தவிர்க்கக் கரையார் கண்டுபிடித்த ஏற்பாட்டுக்குப் பாடு என்று பெயர். நல்ல இடங்கள் எவருடைய சொத்தும் அல்ல. முறை வைத்து எல்லோரும் சுற்றிவர வேண்டும். இன்று ஓடை வாயில் வலை கட்டியவன் நாளை வேறு இடத்துக்குப் போக, அவன் விட்ட இடத்துக்கு அடுத்தவன் வருவான். இதே வகையான ஏற்பாடு கொச்சிக் காயலிலும் உண்டு. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பில் நான்கு மீனவர் சங்கங்கள் சீட்டுக் குலுக்கி வலையிடங்களைப் பகிர்ந்துகொள்கின்றன, அதை 1958 இல் அந்நாட்டு அரசாங்கமே சட்டமாக்கிற்று. பழவேற்காட்டில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் என்னும் மூன்று குப்பங்களிலுள்ள பட்டினவர் என்ற மீனவச் சாதியாரே தலைமுறையாகப் பாட்டுக்குப் பாத்தியப்பட்டவர்கள். எந்த வலை, எத்தனை வலை, யார் எந்த இரவில் என்பவையெல்லாம் ஊர்ப் பஞ்சாயத்தாரின் வாக்குப்படி. மீறியவனுக்கு அபராதம், அபராதம் கட்ட மறுத்தவனுக்கு ஏரியே மூடிவிடும்.

அந்தப் பாட்டில் ஒருவனுக்கு முறை வரவேண்டுமானால் அவன் பட்டினவனாகவும், அந்தக் குப்பத்தைச் சேர்ந்தவனாகவும் இருந்தால் மட்டும் போதாது. அவன் தலைக்கட்டாக இருக்க வேண்டும். விவாகமான ஆண்மகன்தான் தலைக்கட்டு. இருபத்தைந்து வயதுக் காளையாக, தகப்பனைவிடத் திறமையாக வலை கட்டுகிறவனாக, காற்றின் நாற்றத்தைக் கொண்டே நீர் எப்போது வற்றும் என்று சொல்லக்கூடியவனாக இருந்தாலும், தாலி கட்டாதவனுக்குத் தன் பெயரில் பாடு இல்லை; தகப்பனோடு சேர்ந்து உழைக்கலாம், அவ்வளவுதான். ஊர் வரியும் அப்படியே. அம்மன் திருவிழாவுக்கோ, வழக்குச் செலவுக்கோ, பக்கத்து ஊரோடு தகராறு வந்து போலீஸ் ஸ்டேஷனுக்கு நடக்க நேர்ந்தால் அதற்கோ, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடும்போது கல்யாணமாகாதவன் கணக்கில் சேரமாட்டான். பாத்தியதையும் பாரமும் ஒரே நாளில், ஒரே பந்தலில், சேர்ந்து வந்து அவன் தோளில் உட்கார்ந்தன.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர்களின் மனத்தை நாம் ஊகிப்பது கடினமன்று. ஏரி தருவதற்கு ஓர் அளவு உண்டு. கை வலுத்த ஒவ்வொருவனும் தனித்தனியே பங்கு கேட்டால் பங்கு நூலாகிவிடும். ஒரு குடும்பத்தைத் தாங்க வேண்டியவனுக்கே ஒரு பங்கு என்றால், உலையிருக்கும் வீட்டுக்கு மீன் போகும். எத்தனை வலைகளை ஏரி தாங்கும் என்று எந்த இலாகாவும் எண்ணாத காலத்தில், பட்டினவர் அடுப்புகளை எண்ணினார்கள். புதிய அடுப்பு மூட்டப்பட்டதற்கு ஊரறிந்த சாட்சியம் கல்யாணமே. பிற்காலத்தில் கலாசாலைகளிலிருந்து வந்து இந்த ஏரியை ஆராய்ந்தவர்கள் இயற்கை வளத்தைச் சமூகமே காக்கும் முறைக்குப் பாட்டை ஓர் உதாரணமாக எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். அந்தக் காவலின் கீழ்ப்படியில் ஒரு கல்யாணப் பந்தல் நிற்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழு உண்மையாகும் என்பது என் எண்ணம்.

அப்படிப்பட்ட கல்யாணம் ஒன்றை ஏரிக்கரைக் குப்பமொன்றில், பெண் பிறந்து வளர்ந்த வீட்டு வாசலில் நான் இருந்து பார்த்ததுண்டு. வீடு ஓட்டு வில்லை வேய்ந்தது. முன்னால் பந்தலுக்குத் தென்னங்கீற்று. தரைக்கு எந்த அலங்காரமும் வேண்டியிருக்கவில்லை, கரையிலிருந்து கூடை கூடையாக அள்ளிவந்து கொட்டிப் பரப்பிய ஈர மணலே போதுமாயிருந்தது. வாழை மரத்தைப் படகில் ஏற்றி வந்து இறக்கினார்கள். அந்தப் படகிலேயே மாப்பிள்ளை வீட்டாரும் வந்தார்கள். பெண்ணின் தாய்மாமன், அரையில் மடித்துக் கட்டிய வேட்டியோடு, முந்திய இரவு பிடித்த மடவையையும் கொடுவாவையும் மறுநாள் விருந்துக்கு ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தவர், முகூர்த்தம் நெருங்குகிறது என்று யாரோ கூவியதும் கையை மணலில் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து மாலையை எடுத்துக் கொடுத்தார். தாலி ஏறிற்று, குலவை எழுந்தது, எல்லாம் சேர்ந்து அரைமணி நேரம் இருக்கலாம். அதன்பின் நடந்ததுதான் என் மனத்தில் பதிந்தது. மாப்பிள்ளை, பெரியோர் காலில் விழுந்து எழுந்த பிறகு, பந்தலின் ஓரத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஊர்ப் பெரியவர்களிடம் தாம்பூலத் தட்டை நீட்டினான். அவர்களுள் மூத்தவர் வெற்றிலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இனிமே நீயும் ஒரு தலைக்கட்டுய்யா. ஊரு வரின்னா முன்னாடி வந்து நிக்கணும், நாலு பேரு பேசுற எடத்துல நீயும் ஒக்காரலாம்" என்றார். மாப்பிள்ளை தலையாட்டினான். பக்கத்திலிருந்த அவன் தகப்பனார் முகத்தில், மகனுக்குப் பெண் கிடைத்த சந்தோஷத்தோடு, பாட்டில் தம் வீட்டுக்கு இன்னொரு முறை கிடைத்த நிம்மதியும் கலந்திருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

பெண் வீட்டில் மணம் செய்வது தமிழ் நாட்டில் எல்லா ஜாதிகளுக்கும் பொதுவான சம்பிரதாயமன்று. மாப்பிள்ளை வீட்டில் நடத்துகிறவர்களும் அநேகர். ஆனால் பழவேற்காட்டில் மூன்று மதத்தாரும் அடுத்தடுத்து வாழ்வதனால், பெண்ணின் இருப்பிடத்துக்கு மணம் வந்து சேரும் பல வழிகளை இங்கே ஒருசேரக் காணலாம். போர்த்துகீசியர் காலத்தில் வேரூன்றிய மகிமை மாதா ஆலயத்தைச் சேர்ந்த கத்தோலிக்கருக்கு, 1917 இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பு, மணமகளின் பங்குக் குருவின் முன்னிலையிலேயே மணம் நடைபெற வேண்டுமென்பதைப் பொதுவிதியாக வைத்தது. முஸ்லிம்களின் நிக்காஹில் பெண்ணின் சார்பில் வலியாக நின்று ஒப்புக்கொடுப்பவர் அவளுடைய தகப்பனார். ஜமாஅத்தின் பதிவுப் புத்தகத்தில் மஹர் தொகையும் ஏறுகிறது. இந்துக்களிடையே தகப்பன் தாரை வார்ப்பதென்பது தன் மனையில் நின்று செய்யும் தானமாகவே சாஸ்திரங்களில் பேசப்படுகிறது. இவற்றுக்கெல்லாம் மூத்த சித்திரம் ஒன்று அகநானூற்றின் 86 ஆம் பாட்டில் இருக்கிறது: பெரிய பந்தல், அதன் கீழே பரப்பிய மணல், விளக்கு, உழுந்து சேர்த்துச் சமைத்த சோறு, விடியற்காலையில் நல்ல நாள், மக்களைப் பெற்ற மங்கலப் பெண்கள் நால்வர் நீரும் பூவும் நெல்லும் சொரிந்து வாழ்த்துவது. தீ வளர்த்ததாகவோ புரோகிதர் வந்ததாகவோ அதில் இல்லை. 1928 இல் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் புரோகிதரின்றிச் சுயமரியாதைத் திருமணம் நடந்தபோது நாடு திகைத்தது. 1967 இல் சட்டமன்றம் அவ்வகை மணங்களைச் செல்லுபடியாக்கியபோதும் விவாதம் ஓயவில்லை. தமிழரின் மிகப் பழைய கல்யாணப் பாட்டு அந்த எளிமையையே பாடியிருக்கிறது என்பதை நினைத்தால், திகைப்பதற்கு அதிகம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இவ்வூருக்கும் வெளியுலகத்துக் கல்யாணங்களுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு, போகிற போக்கில் அதையும் சொல்லிவிடுகிறேன். டச்சுக்காரரைப் பழவேற்காட்டில் கட்டிவைத்தது மீன் அன்று, துணி. சுற்றுப்புறத்துத் தறிகளில் நெய்த துணியைக் கொடுத்துத்தான் அவர்கள் கிழக்குத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். சோழமண்டலத் துணி அங்கே உடுத்திக் கிழிக்கும் பொருளாக இருக்கவில்லை. சுலவேசித் தீவின் தொராஜா மக்கள் அதைக் குலதனமாகப் பெட்டியில் பூட்டிவைத்துச் சடங்கு நாட்களில் மட்டும் வெளியே எடுத்தார்கள். மலாய் நாட்டில் கட்டம் போட்ட கைலி இன்றும் பழவேற்காட்டின் பெயரைத் தாங்கியிருக்கிறது. நைஜீரியாவின் கலாபாரி இனத்தார் நம் பக்கத்துக் கட்டத் துணியை இஞ்சிரி என்றழைத்து, அதன் இழைகளை ஒவ்வொன்றாக அறுத்துப் புதிய கோலம் உண்டாக்கி, குடும்ப விசேஷங்களுக்கு அணிகிறார்கள். உலகத்தின் மங்கல நாட்களுக்குத் துணி அனுப்பிய இந்த ஊரின் ஓரத்தில், ஒரு புடவையோடும் ஒரு வேட்டியோடும் கல்யாணத்தை முடித்துக்கொண்ட ஜனங்கள் இருந்தார்கள்.

அந்த எளிமை எப்போது கலைந்தது என்று கேட்டால், இறால் கப்பலேறிய காலத்தை நான் காட்டுவேன். பருத்தி நூல் வலை போய் நைலான் வலை வந்தது; ஜப்பானும் அமெரிக்காவும் வெள்ளை இறாலுக்கும் கருவண்டு இறாலுக்கும் ஏங்கின; ஐஸ் வண்டிகள் பொன்னேரிச் சாலையில் இரவும் பகலும் ஓடலாயின; கூடைக்கு விலை பேசியவர்கள் கிலோவுக்குப் பேசினார்கள். ஏரியோரத்து வீடுகளில் காசு நடமாடிற்று. அதைக் கண்டு வருத்தப்பட எவருக்கும் அதிகாரமில்லை. ஆனால் பாட்டின் மதிப்பு ஏறினதோடு, பாடு உள்ள மாப்பிள்ளையின் மதிப்பும் ஏறிற்று. இறாலின் விலையைப் பார்த்துச் சீர்வரிசையைப் பேசும் வழக்கம் கரையோரமெங்கும் பரவியது. பவுன் கணக்கு வந்தது. வாசற்பந்தல் போதாதென்று மண்டபம் வந்தது. மண்டபத்துக்காகக் கடன் வந்தது. கடன் கொடுத்தவன் மீனையே ஈடாகக் கேட்டான். இப்படியாக, முன்னே ஏரியில் முறை கிடைப்பதற்கு வழியாக இருந்த கல்யாணம், கிடைத்த முறையை வியாபாரியிடம் அடகு வைப்பதற்கும் வழியாக மாறிற்று.

அதே காலத்தில் ஏரியின் மேல் வேறு பாரங்களும் விழுந்தன. ராக்கெட் தளத்துக்கென்று 1969 இல் ஸ்ரீஹரிகோட்டா தேர்ந்தெடுக்கப்பட்டது. தீவில் இருந்தவர்கள் வெளியேறி, அவர்களுள் சிலர் ஏரியின் கரைகளிலேயே குடியேறினார்கள். தெற்கே அனல்மின் நிலையமும் 2001 இல் எண்ணூர்த் துறைமுகமும் வந்தன. முகத்துவாரம் மணல் மூடி அடைபடுவதும், மீனவரே மண்வெட்டியோடு இறங்கி வெட்டித் திறப்பதும், சில மாதங்களில் மறுபடி அடைபடுவதும் வாடிக்கையாகிவிட்டன. ஜனத்தொகை பெருகப் பெருகத் தலைக்கட்டும் பெருகிற்று. ஒருவனுக்கு முறை வந்து சேரக் காத்திருக்கும் நாட்கள் நீண்டன. பாடு இல்லாத குப்பத்தார், பட்டினவர் அல்லாத மீனவர், வெறுங்கையால் சேற்றில் இறால் தடவிப் பிழைக்கும் இருளர் ஆகிய எல்லோரும், ஒரே ஏரியில் எங்களுக்கு மட்டும் ஏன் இடமில்லை என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பழைய ஏற்பாட்டின் அழகை நான் எவ்வளவு மதித்தாலும், பிறப்பினால் ஒருவனை உள்ளேயும் மற்றொருவனை வெளியேயும் நிறுத்தியதை மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு பெயர் எழுதப்படாமலே போயிற்று. இந்த வரலாற்றில் என்னை அதிகம் உறுத்துவது அதுதான். தலைக்கட்டு ஆவதற்கு மனைவி வேண்டும். ஆனால் தலைக்கட்டுக் கணக்கில் மனைவியின் பெயர் வராது. தான் பிறந்த வீட்டு வாசலில், தன் தாய்மாமன் கொட்டிய மணலின் மேல் உட்கார்ந்து, ஒருவனுக்கு ஏரியையே உரிமையாக்கிக் கொடுத்த பெண், மறுநாள் அவனுடைய குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்து, விடியுமுன் கூடை சுமந்து மீன் விற்று, அந்த வலைக்கும் வீட்டுக்கும் வட்டி கட்டினாலும், ஊர் கூடிப் பேசும் இடத்தில் அவளுக்குப் பாய் விரிப்பதில்லை. கணவன் கடலோடு போய்விட்டால், வளர்ந்த மகன் இல்லாத வீட்டின் பெயர் கணக்கிலிருந்து மெல்ல நழுவுகிறது. 2004 டிசம்பர் 26 இல் சுனாமி வந்து கரையைச் சுருட்டியபின், தமிழ்நாட்டின் மீனவக் கிராமங்கள் பலவற்றில் நிவாரணப் பொருள்களைத் தலைக்கட்டுக் கணக்கை வைத்தே பங்கிட்டார்கள். பொருள் விரைவாகவும் சண்டையில்லாமலும் போய்ச் சேர அது உதவிற்று என்பது மெய். விதவைகளும் தனித்து வாழ்ந்த பெண்களும் அந்தக் கணக்குக்கு வெளியே நின்றதும் மெய்.

2009 ஆம் ஆண்டின் சட்டத்தால் தமிழ்நாட்டில் எந்த மதத்தாரின் விவாகமும் பதிவு செய்யப்பட்டேயாக வேண்டுமென்று ஆனபின், குப்பத்துப் பெண்களும் கணவனோடு பஸ் ஏறிச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் சென்று, தம் பெயரைத் தாமே எழுதிக் கையொப்பமிட்டு வருகிறார்கள். பட்டணத்துத் தொழிற்சாலையிலும் துறைமுகத்திலும் வேலைக்குப் போய்விட்ட கணவன்மார், வலையைத் தொட்டு வருஷக்கணக்காகியும், பாட்டு முறை கைவிட்டுப் போகாதிருக்கத் தலைக்கட்டு வரியைத் தவறாமல் கட்டிவருகிறார்கள். அந்த வரி நோட்டில் அவனுடைய பெயரும் அவன் தகப்பன் பெயரும் இருக்கின்றன. அதற்குப் பக்கத்தில் அவள் பெயரையும் எழுத இடம் தாராளமாக இருக்கிறது.